நூற்றிருபது மடங்கு சுத்தம்

அணு ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் கூடத்தில் பாட்டில்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. காலையில் கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் பிடிப்பார். அந்தத் தண்ணீர் ரெசின் மணிகள் நிரப்பிய இரண்டு இரும்புத் தூண்களுக்குள் புகுந்து வெளியே வந்ததும் இன்னொரு பாட்டில் பிடிப்பார். இரண்டையும் எண்ணும் கருவிக்குள் வைத்து, முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுப்பார். வருகிற விடைக்குத் தூய்மைக் காரணி என்று பெயர். உள்ளே நாலாயிரம், வெளியே நாற்பது என்றால் காரணி நூறு. அதாவது தண்ணீர் நூறு மடங்கு சுத்தம். அதை ஆற்றில் விடலாம். நூற்றுக்குக் கீழே இறங்கினால் கூடத்தை மூட வேண்டும் என்பது விதி.

பத்தொன்பது வருடமாக அவர் வகுத்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"வகுக்கத் தெரியாதவங்க மேல நெறைய பேர் இருக்காங்க. கீழ ஒருத்தனாவது வேணும்ல?" என்றார்.

ஒரு திங்கட்கிழமை, வெளியே வந்த தண்ணீர் நாற்பது காட்டுவதற்குப் பதில் நூறு காட்டியது. கருவிக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டு மூன்று முறை எண்ணிப் பார்த்தார். மூன்று முறையும் நூறு. காரணி நாற்பதுக்கு இறங்கியிருந்தது.

காரணம் அவருக்குத் தெரிந்ததுதான். ரெசின் மணிகள் கதிரியக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்துவிட்டால் அதற்குமேல் ஒரு துளி பிடிக்காது. புது ரெசின் கேட்டு அவர் எழுதிப் போட்டு பதினான்கு மாதம் ஆகிவிட்டது. ஏழு கையெழுத்து வேண்டும். நான்காவது கையெழுத்துக்காரர், 'காரணி நூறு இருக்கும்போது புது ரெசின் எதற்கு?' என்று ஓரத்தில் எழுதி, கோப்பைத் தன் மேசையிலேயே படுக்க வைத்துவிட்டார். இப்போது காரணி நாற்பது. இனி யாரும் கேள்வி கேட்க முடியாது. பாட்டில்காரர் ஏறக்குறைய சந்தோஷமாகவே இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் தாளைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாப்பதுன்னு எழுதி அனுப்பினா கூடத்தை மூடிருவாங்க. ஒத்துக்கிறியா?"

"ஆமாங்க சார்."

"மூடின கூடத்துக்கு எவன்யா ரெசின் குடுப்பான்?"

பதினான்கு மாதமாகத் தான் தப்பான வாசலைத் தட்டிக்கொண்டிருந்ததாகப் பாட்டில்காரருக்கு ஒரு குற்ற உணர்ச்சிகூட வந்தது.

மறுநாள் காரணி மேம்பாட்டுக் குழு கூடியது. இயக்குநர், பாதுகாப்பு அதிகாரி, இன்னும் நான்கு பேர். தண்ணீர் பிடிப்பவர் என்ற முறையில் பாட்டில்காரருக்கும் கதவோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். இயக்குநர் வெள்ளைப் பலகையில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, இத்தனை வருஷமா நாம கீழ இருக்கிற எண்ணையே பாத்துக்கிட்டிருந்தோம். அதைக் குறைக்கணும், குறைக்கணும்னு உயிரை விட்டோம். மேல ஒரு எண் இருக்கிறதையே மறந்துட்டோம். கீழ இருக்கிறதைக் குறைக்க ரெசின் வேணும். மேல இருக்கிறதைக் கூட்ட என்ன வேணும்? மனசு வேணும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பாட்டில்காரரும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"சார், மேல கூட்டினாலும் வெளிய போற தண்ணி அதே தண்ணிதானுங்களே?"

"வெளிய போற தண்ணி வெளிய போயிருச்சு. நாம உள்ள இருக்கிறதைப் பத்திப் பேசுவோம்."

அன்றிலிருந்து முதல் பாட்டிலைத் தொட்டியின் நடுவில் பிடிக்காமல் அடியில் பிடித்தார்கள். அடியில் கசடு இருக்கும். எண் ஏழாயிரம். காரணி எழுபது. கசடைக் கலக்கிவிட்டுப் பிடித்தால் பத்தாயிரம் தாண்டும் என்று குழு கண்டுபிடித்தது. கலக்கும் மோட்டார் எரிந்துபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. புது மோட்டாருக்கு ஐந்து கையெழுத்து. ஒரு ஆளுக்கும் ஒரு நீளக் கம்புக்கும் ஒரே கையெழுத்து போதும்.

அந்த ஆள் பாட்டில்காரருடைய மனைவியின் தம்பி. கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஃபிட்டர், வயது இருபத்தேழு. பாட்டில்காரர் அவனை "மாப்ள" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கூடத்தில் எல்லோருக்குமே அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். அக்கா வீட்டு மாடியில் தனக்கென்று ஓர் அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே செங்கல் செங்கலாகக் கட்டிக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு வேலை செய்ய அவனுக்குத் தெரியாது.

அவனைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதுகாப்பு அதிகாரி காரணம் சொன்னார். சட்டைப்பையில் குத்தும் டோஸ் பேட்ஜில் அவனுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைந்த கதிர்வீச்சு ஏறியிருந்தது. "வருஷத்துக்கு அனுமதிச்ச அளவுல இவ்வளவு பாக்கி வச்சிருக்கிற ஆளை நாம பயன்படுத்தாம விட்டா அது நிர்வாகக் குறைபாடு" என்றார். பிறகு மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "தொழிலாளியோட பாதுகாப்புதான் எங்களுக்கு முதல் கவலை. அதனாலதான் காலையில வந்ததும் அதை முடிச்சிட்டு மத்த வேலைக்குப் போயிடுறோம்."

தினமும் இருபது நிமிடம் அவன் கலக்கினான். எண் பத்தாயிரத்து நானூறு, காரணி நூற்று நான்கு. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

ரெசின் மட்டும் யாரையும் பாராட்டாமல் செத்துக்கொண்டே இருந்தது. வெளியே போகும் தண்ணீர் நூற்றுப் பத்து காட்டியது, பிறகு நூற்று இருபது. கீழே ஏற ஏற மேலேயும் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் தொட்டியின் அழுக்கு போதவில்லை. 'சுத்திகரிப்புக்கு உகந்த அளவில் அழுக்கு இல்லாமை குறித்து' என்று தலைப்பிட்டு ஓர் உத்தரவு வந்தது. அதன்படி, இருபது வருடத்துக்கு முன் சீல் வைத்த பழைய கழிவுக் குழியைத் திறந்து, அதிலிருந்து தினம் மூன்று வாளி சகதி அள்ளித் தொட்டியில் கொட்டினார்கள். அள்ளியவனும் மாப்பிள்ளைதான். கை ஏற்கெனவே அழுக்காக இருப்பவனை விட்டுவிட்டு இன்னொருவன் கையை அழுக்காக்குவது சிக்கனமில்லை என்று குழு கருதியது.

அன்று சாயங்காலம் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என் தம்பிய வச்சு அழுக்கைக் கலக்குறீங்களாமே?"

"சுத்தம் பண்றதுக்காகத்தான்."

"கலக்குனா எப்படிங்க சுத்தமாகும்?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து, மேலே ஓர் எண், கீழே ஓர் எண் எழுதி, இயக்குநர் சொன்ன மாதிரியே விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப தண்ணி சுத்தமாகல. கணக்குதான் சுத்தமாகுது."

"மேல இருக்கிறவங்க சொல்றாங்க..."

"அவன் உங்கள நம்பித்தாங்க அங்க வந்தான். மேல இருக்கிறவங்கள நம்பி வரல."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடியில் மாப்பிள்ளை பாடிக்கொண்டே சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தான்.

தலைமை ஆய்வாளர் வருகிற நாள் வந்தது. நடைபாதைக்கு வெள்ளையடித்தார்கள். தொட்டியின் மேலே குறுக்காகப் போன இரும்புத் தகட்டுக்கும் பச்சை வர்ணம் பூசினார்கள். துருவுக்கு மேலே பூசியதால் அது புதுத் தகடு போலவே இருந்தது. மாப்பிள்ளை கம்போடு அதன்மேல் ஏறினான். இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். பாட்டில்காரர் கீழே குழாயடியில் முதல் பாட்டிலோடு தயாராக இருந்தார்.

"மாமா, இன்னைக்கு நல்லாக் கலக்கிடுறேன். ஆய்வாளர் பாத்து மயங்கி விழணும்" என்றான் அவன்.

தகடு உடைந்த சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பளம் நொறுங்கிய மாதிரிதான் கேட்டது. பாட்டில்காரர் நிமிர்ந்தபோது மேலே யாரும் இல்லை. தொட்டிக்குள் கழுத்துவரை சகதியில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, திரும்பத் தெரிந்தது. அவரும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மேலே வந்தவன் இருமினான், துப்பினான், "ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்ல" என்றான்.

கழுவும் அறையில் அவனை நிறுத்தி, உடையை வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாட்டில்காரர் தேய்த்தார். பாதுகாப்பு அதிகாரி வாசலில் நின்றபடியே ஒரு நீளக் குச்சியின் நுனியில் கருவியைக் கட்டி நீட்டினார்.

"ஒம்பதாயிரத்து அறுநூறு!"

சோப்புப் போட்டார்கள். தலைமுடியை மழித்தார்கள். "மூவாயிரம்!" நகக்கண்களை பிரஷ் வைத்துத் தேய்த்தார்கள். தோல் சிவந்தது. "நானூறு!" மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி, "எம்பது. இதுக்குமேல இறங்காது" என்றார்.

பத்தொன்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? பாட்டில்காரரின் கை மைத்துனனின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தது. வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்தது.

"நூத்தியிருபது."

அப்போது இயக்குநர் கதவருகில்தான் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், கூடத்தின் நடுவில் காத்திருந்த தலைமை ஆய்வாளர் உரக்கக் கேட்டார்: "என்ன சத்தம் அங்கே? இன்னைய காரணி எவ்வளவு?"

இயக்குநர் திரும்பினார். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை. "நூத்தியிருபது சார். முன்னாடி ஒம்பதாயிரத்து அறுநூறு, பின்னாடி எம்பது. இப்பத்தான் என் கண் முன்னாடி எண்ணினாங்க."

தலைமை ஆய்வாளர் அங்கேயே ஒரு சிற்றுரை ஆற்றினார். "நான் எத்தனையோ கூடங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே போனாலும் தண்ணீரைக் காட்டுவார்கள், தூண்களைக் காட்டுவார்கள். எனக்கு அதெல்லாம் தேவையில்லை. எண்ணைக் காட்டுங்கள், போதும். எண்ணைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி." அவர் எதையும் பார்க்காமல் காரில் ஏறிப் போனார். அன்று தண்ணீர்ப் பாட்டில்கள் இரண்டுமே காலியாகக் கிடந்தன.

இரவு முழுக்க மாப்பிள்ளை வாந்தி எடுத்தான். "வாய்க்குள்ள தண்ணி போயிருச்சு மாமா. ரெண்டு மடக்காவது இருக்கும்."

காலையில் பாட்டில்காரர் பாதுகாப்பு அதிகாரியிடம் ஓடினார்.

"உள்ள போனதா? அது எங்க துறையில்லையே. நாங்க மேற்பரப்பு" என்றார் அதிகாரி. "உடம்புக்குள்ள எண்ணுற மெஷின் தலைமை அலுவலகத்துலதான் இருக்கு. அனுப்பணும்னா விபத்து அறிக்கை எண் வேணும்."

"அப்ப அறிக்கை எழுதுங்க சார்."

"எந்த விபத்துக்கு? நேத்தைக்கு இங்க நடந்தது சாதனை. பதிவேட்டுல ஏத்தியாச்சு. சாதனையும் விபத்தும் ஒரே நாள்ல இருந்தா குழப்பம் வருமே."

பாட்டில்காரர் ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அணு ஆலை என்று கேட்டதும் அங்கே டாக்டர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். எந்தத் தண்ணீர், அதில் என்ன இருந்தது என்று ஆலையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். கடிதத்துக்கும் அறிக்கை எண் வேண்டும். போட்ட மனுக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. மூன்று வாரத்தில் மாப்பிள்ளை மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தான். ஈறில் ரத்தம் கசிந்தது. பேச்சு குறைந்தது. அவன் அக்கா அழுவதை நிறுத்திவிட்டு, கணவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவரையே பார்க்க ஆரம்பித்தாள். அவருக்கு அழுகையே தேவலை என்றிருந்தது.

மாதக் கடைசியில் காரணிப் படிவம் கையெழுத்துக்கு வந்தது. முன்: 9600. பின்: 80. காரணி: 120. அவர் போடவேண்டியது ஒரு கையெழுத்து. நிரப்பவேண்டியது 'மாதிரியின் தன்மை' என்ற ஒரே ஒரு கட்டம். பத்தொன்பது வருடமாக அதில் 'திரவம்' என்று எழுதிவந்தார். போட்டுவிட்டால் வேலை நிலைக்கும். போடாவிட்டால் அவரும் போய், கூடமும் போய், அதை நம்பிய முந்நூறு குடும்பமும் போகும் என்று இயக்குநர் முன்பே சொல்லியிருந்தார். பாட்டில்காரர் பேனாவைத் திறந்து, கட்டத்துக்கு வெளியே போகாமல், பொடி எழுத்தில் எழுதினார்: 'மனிதன். வயது 27. என் மனைவியின் தம்பி.' கையெழுத்துப் போட்டார். அவரே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

போலீஸ் வரும், பத்திரிகை வரும், குறைந்தபட்சம் வேலைநீக்க உத்தரவாவது வரும் என்று எட்டு நாள் காத்திருந்தார். ஒரு கடிதம் வந்தது.

'தங்கள் அறிக்கை பரிசீலிக்கப்பட்டது. மேற்படி காரணி மிகச் சிறப்பாக உள்ளது. எனினும் ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு இதனை உறுதிசெய்ய இயலாது. முதல் மாதிரியை மறு எண்ணிக்கைக்காக உடனடியாக அனுப்பி வைக்கவும். மேலும் இரண்டு மாதிரிகளை இதே முறையில் தொட்டியில் இட்டு, கழுவி, எண்ணி அனுப்பவும். மாதிரிகள் நிறுவனத்தின் அனைத்துப் படிநிலைகளையும் பிரதிபலிக்க வேண்டும்.'

பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. "பாத்தியா? தொழிலாளியா அனுப்ப வழியில்ல. மாதிரியா அனுப்ப வழி பொறந்திருச்சு!"

மாதிரி ஏற்றும் வண்டியில், பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்தார்கள். கூட ஆள் ஏற விதியில் இடமில்லை. பாட்டில்காரரும் மனைவியும் பஸ்ஸில் பின்னாலேயே போனார்கள். தலைமை அலுவலக வாசலில் காவலாளி பதிவேட்டைப் புரட்டினான்.

"யாரைப் பாக்கணும்?"

"என் தம்பி காலையில வந்தான்" என்றாள் அவள்.

"தம்பின்னு யாரும் வரலம்மா. மாதிரி ஒண்ணு வந்திருக்கு."

"அதான்."

காவலாளி தலையைச் சொறிந்தான். 'உறவுமுறை' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "நீங்க மாதிரிக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

"அக்கா."

அவன் எழுதிக்கொண்டான். நான்கு மணி நேரம் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். அந்தக் கட்டடத்திலேயே நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"எப்ப விழுந்தாரு?"

"இன்னையோட முப்பத்தி மூணு நாளாச்சுங்க."

டாக்டர் கையிலிருந்த தாளை மடித்தார். "உள்ள போனதை வெளியேத்துறதுக்கு மருந்து இருக்கு. மொத நாளே குடுத்திருக்கணும். இப்பவும் குடுக்கிறேன். மாசா மாசம் ரத்தம் பாக்கணும். இனிமே அங்க வேலைக்கு அனுப்பாதீங்க. அதுக்குமேல என்னைக் கேக்காதீங்கம்மா, எனக்கும் தெரியல."

எண்ணி முடித்த மாதிரியை என்ன செய்வது என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. திரவமென்றால் தொட்டியில் ஊற்ற வேண்டும், திடமென்றால் புதைக்க வேண்டும். டாக்டர் இரண்டையும் அடித்துவிட்டு, 'வீட்டுக்கு' என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பாட்டில்காரர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். கோபத்தோடு போகவில்லை. வேலை விஷயமாகத்தான் போனார்.

"சார், முதல் மாதிரி அனுப்பியாச்சு. இன்னும் ரெண்டு பாக்கி. எல்லாப் படிநிலையும் வேணும்னு எழுதியிருக்காங்க. கான்ட்ராக்ட் ஆள் முடிஞ்சுது. அடுத்து ஒரு அதிகாரி, அதுக்கடுத்து..." அவர் கடிதத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உங்களுக்கு எந்தக் கிழமை வசதிப்படும்?"

இயக்குநர் கடிதத்தை வாங்கி மூன்று முறை படித்தார். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார்.

"தொட்டியில இட்டுன்னா... காலை மட்டும் நனைச்சா போதாதா?" என்றார் அதிகாரி.

"இதே முறையில்னு இருக்குங்க சார். அவன் கழுத்து வரைக்கும் போனான்."

"ரெசின் மாத்திட்டா?" என்று இயக்குநர் திடீரென்று கேட்டார். "ரெசின் மாத்திட்டா தண்ணியோட காரணியே நூறு வந்துருமில்ல? அப்புறம் இந்த மாதிரி எதுக்கு?"

"எதுக்குமில்லைங்க சார்."

அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் ஏழு கையெழுத்தும் விழுந்தன. நான்காவது கையெழுத்துக்காரர் நீண்ட விடுப்பில் இருக்கிறார் என்று சொல்லி வந்தார்கள். அவர் தன் அறையிலேயே இருந்தது தெரியவந்தது. மறுநாள் லாரி வரும் என்று பாட்டில்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி வரவில்லை. ஸ்டோர் பொறுப்பாளர் சாவிக்கொத்தோடு வந்து, கழுவும் அறைக்குப் பின்புறமிருந்த கிடங்கைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு நீல டிரம்கள், தூசி படிந்து, வரிசையாக நின்றன.

"இது எப்ப வந்தது?" என்று பாட்டில்காரர் கேட்டார்.

"வந்து பதினோரு மாசமாச்சு. எப்பவும் மொத்தமா வாங்கிப் போடுறதுதான். வழங்கச் சொல்லி உத்தரவு இல்ல, அதான் வச்சிருந்தேன்" என்றார் பொறுப்பாளர். பொறுப்பானவர், ஒரு டிரம்மைக்கூட எலி கடிக்க விடவில்லை.

கழுவும் அறையிலிருந்து கிடங்குக்கு நாற்பது அடி. பாட்டில்காரர் நடந்து அளந்து பார்த்தார்.

புது ரெசின் போட்டதும் தொட்டியின் நடுவில் பிடித்த தண்ணீருக்கே காரணி நூற்று மூன்று வந்தது. குழியை மூடினார்கள். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது: நூற்றிருபதாக இருந்த காரணி நூற்று மூன்றாக வீழ்ச்சியடைந்தது ஏன் என்று பாட்டில்காரர் ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

மாப்பிள்ளை முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தான். அக்கா அவனுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெசின் மாத்திட்டாங்களாமே மாமா? ஃபிட்டர்ங்க வந்து சொன்னாங்க" என்றான். அதைச் சொல்வதற்கே இரண்டு முறை மூச்சு வாங்கினான். "கடைசியில வந்து சேந்துச்சா! எங்கேயிருந்து வந்துச்சு?"

பாட்டில்காரர் அவன் காலடியில் உட்கார்ந்தார். மனைவி மாத்திரைப் புட்டியை மூடிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ரொம்ப தூரம் மாப்ள" என்றார். "கடல் தாண்டி வரணும். அதான் லேட்டு."

"அதானே பாத்தேன்" என்று மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். "பக்கத்துல கிடைக்கிற சாமானா இருந்தா குடுக்காமயா இருப்பாங்க?"